பவுடர் போட்ட கையுறைகள்

பையை மிதித்துவிடாதீர்கள், அம்மிணி. கோபமாகச் சொல்லவில்லை, என் குரலே அப்படித்தான். உட்காருங்கள். நான் சன்னலோரம் நகர்ந்துகொள்கிறேன். பையை மடியில் வைத்துக்கொண்டால் இருவருக்கும் இடம் இருக்கும். கனமில்லை, எல்லாம் ரப்பர்தான்.

இந்தப் பேருந்து கலெக்டர் ஆபீசில் நிற்கும்தானே? நடத்துனர் நிற்கும் என்றுதான் சொன்னார். இன்னொருவரும் சொன்னால் கொஞ்சம் நிம்மதி. நிற்குமா? சரி.

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறேன், ஒரு விசாரணைக்கு. ஐயோ, என் மேல் இல்லை. என்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது? நான் சாட்சி. கம்பெனிப் பக்கத்துச் சாட்சி. வேலைக்காரர்களுக்குக் கையுறை கொடுத்தீர்களா என்று அதிகாரி கேட்பார். கொடுத்தோம் என்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். உண்மையும் அதுதான். அதற்குப் போய் எழுந்ததிலிருந்து காப்பி இறங்கவில்லை.

கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊர்க் குப்பையை அள்ளுகிற ஒப்பந்தக்காரர்கள். எங்கள் வார்டு டிப்போவில் நான் ஸ்டோர் பார்க்கிறேன். துடைப்பம், கூடை, பினாயில், பிளீச்சிங் பவுடர், தள்ளுவண்டிச் சக்கரம், மழைக்கோட்டு எல்லாம் என் சாவியில். அங்கே எல்லோருக்கும் நான் ஸ்டோரம்மா. எனக்கென்று ஒரு பெயர் இருப்பதைத் தபால்காரர் மட்டும்தான் நினைவு வைத்திருக்கிறார்.

நான் பி.ஏ. படித்தவள், அம்மிணி. தமிழ் இலக்கியம். கல்லூரி மலரில் மழையைப் பற்றி ஒரு கவிதைகூட எழுதியிருக்கிறேன். பிறகு ஒரு பெண்கள் விடுதியில் ஸ்டோர் வேலை கிடைத்தது, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். விருந்தாளிகள் வந்தால் விரிப்பதற்கென்று அங்கே வெள்ளை விரிப்புகள் இருந்தன. நான் சேர்ந்தபோது எப்படி இருந்தனவோ, விட்டுவரும்போதும் அப்படியே மடிப்புக் கலையாமல் ஒப்படைத்தேன். வார்டனே அசந்துபோனார். அத்தனை வருடத்தில் ஒரு விருந்தாளியை அதில் படுக்க விட்டதில்லை. பொருள் என்றால் அப்படிக் காக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது? சிக்னலா? எனக்கு என்னவோ பேருந்து பின்னால் போவதுபோல இருக்கிறது. பக்கத்து லாரி நகர்கிறது போலிருக்கிறது. சரி, சரி.

கையுறையைப் பற்றிச் சொல்ல வந்தேன். முதலில் வந்ததை நான் எல்லோர் கையிலும் கொடுத்துத்தான் பார்த்தேன். அதையும் அதிகாரியிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அத்தனையும் கந்தல். விரல் நுனி பிய்ந்து, சாக்கடை நாற்றம் ஏறி, ஒருவர் வலக்கையைத் தொலைத்துவிட்டு இடக்கையோடு வந்து நிற்பார். புதிதாக வேண்டும் என்று மேலே கேட்டேன். 'கொடுத்தது என்ன ஆயிற்று, ஸ்டோர் என்ன செய்துகொண்டிருந்தது?' என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். என்னை! விடுதியில் ஒரு கரண்டி காணாமல் போனதில்லை என் காலத்தில்.

அப்புறம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினது இது. ஆரஞ்சு நிறம், முழங்கை வரைக்கும் வரும், தடித்த ரப்பர். நல்ல பொருள், அம்மிணி. வாங்குகிறவர்கள் ஒருமுறையாவது நல்ல பொருள் வாங்கினார்களே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இதையும் அந்தக் கதிக்கு விடுவதா?

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து போட்டோ முறை வந்தது. தினமும் காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, கையில் கையுறை, காலில் பூட்ஸ், மேலே பச்சைச் சட்டையோடு சூப்பர்வைசர் தனசேகர் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். கையுறை அழுக்காக இருந்தால் அவருக்குத் திட்டு. அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் யோசனைதான், வேறு யாருடையதும் இல்லை. போட்டோவுக்குப் போடட்டும். எடுத்து முடித்ததும் கழற்றி என்னிடம் தந்துவிடட்டும். கையுறையும் பிழைக்கும், போட்டோவும் பிழைக்கும். தனசேகர் வாயைப் பிளந்துவிட்டார். "ஸ்டோரம்மா, நீங்க ஆபீசர் ஆயிருக்க வேண்டியவங்க" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. கனமாக இருக்கிறது, கை வேர்க்கிறது என்று முன்னால் முணுமுணுத்தவர்கள்தானே. அவர்கள் வழக்கப்படி துணிக்கடைப் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். லேசாக இருக்கும், அறுந்தால் இன்னொரு பை.

நான் என்ன செய்வேன் தெரியுமா? ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளேயும் வெளியேயும் பவுடர் தட்டி அலமாரியில் அடுக்குவேன். முகத்துக்குப் போடுகிற பவுடர்தான். என் கைக்காசு.

அதற்குத்தான் எங்கள் டிப்போவில் குப்பை அள்ளுகிற மயிலாத்தாள் கேலி செய்வாள். "ஸ்டோரம்மா, கொளந்தைகளைக் குளிப்பாட்டியாச்சுங்களா? பவுடர் போட்டாச்சு, அப்படியே நெத்தியில ஒரு பொட்டையும் வெச்சு உடுங்க, கண்ணு பட்டுறும்" என்பாள். டிப்போ முழுக்கச் சிரிக்கும். இன்னொரு நாள், "இதுகளுக்குக் காதுகுத்து எப்பங்க? சொன்னீங்கன்னா மாமன் சீரு நானே கொண்டாந்துருவனுங்க" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். பிள்ளை இல்லாதவளிடம் அப்படிப் பேசலாமா என்று பிறகுதான் தோன்றியது. அவள் அதை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாள். அவள் வாய் அப்படி.

இந்த விசாரணையே மயிலாத்தாள் கேட்டு நடப்பதுதான். புருசன் இல்லை, மாமியார் கூட இருக்கிறாள். அவள் தள்ளுவண்டி தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். சக்கரம் ஒரு சுருதியில் கிறீச்சிடும், அவள் பேச்சு இன்னொரு சுருதியில் வரும். இரண்டும் சேர்ந்து கேட்க நன்றாக இருக்கும். சக்கரத்துக்கு எண்ணெய் கேட்டு வந்தால்கூட, 'கொஞ்ச நாள் போகட்டும்' என்று சொல்லிவிடுவேன். சும்மா, அந்தச் சத்தத்துக்காக.

முருங்கைக்கீரை கொண்டுவந்து தருவாள் எனக்கு. நான் பேதம் பார்க்கிறவள் இல்லை, வாங்கிக்கொள்வேன். நன்றாகக் கழுவித்தான் சமைப்பேன். யார் கொடுத்தாலும் கழுவித்தானே சமைக்க வேண்டும்? அவள் வீட்டுக்குக்கூட ஒருமுறை போயிருக்கிறேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். எனக்கு அப்போது தாகமில்லை.

எங்கே வந்திருக்கிறோம்? இது மில் ரோடா? இன்னும் தூரம் இருக்கிறதா?

விபத்து அன்றைக்கு எப்படி நடந்தது என்று அவரவர் இஷ்டத்துக்குச் சொல்கிறார்கள். நான் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவள் குப்பை எடுப்பது நகைப் பட்டறைத் தெருவில். ஒன்றையொன்று ஒட்டினாற்போலச் சின்னச் சின்னப் பட்டறைகள். அங்கே தரையைக் கூட்டிய தூசியை வெளியே போட மாட்டார்கள், அதில் தங்கத்தூள் இருக்குமே. உதவாததைத்தான் போடுவார்கள். காலையில் போட்டோ முடிந்தது. எல்லோரும் கழற்றிக் கொடுத்தார்கள். இவள் மட்டும் கழற்றாமல் நின்றாள்.

"ஸ்டோரம்மா, நேத்து பட்டறைத் தெருவுல ஒரு பைய எடுத்தனுங்க, கையெல்லாம் எரிச்சலுங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு இதைய எங்கிட்டயே உட்டுருங்க. பொழுதோட கழுவிக் கொண்டாந்து குடுத்தர்றேன்."

நான் சொன்னேன்: "மயிலா, நாளைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். இன்றைக்குப் போய்க் கேட்கிறாயே. உனக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள். அவர்கள் வந்து போகட்டும், பார்க்கலாம்."

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? கழற்றி என் கையில் வைத்துவிட்டு, "சரிங்க. அப்ப அந்தக் கிளவுசுக்கே ஒரு கையி வாங்கிக் குடுத்துருங்க, அது பாட்டுக்கு அலமாரிக்குள்ளயே வேலை செய்யட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தனசேகரும் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. படித்தவளைப் பார்த்துப் பேசுகிற பேச்சா? நான் அலமாரியைப் பூட்டினேன். சாவி சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டிருக்கும்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. ஏதோ ஒரு பட்டறையில் வேலை முடிந்த ஆசிடை ஒரு பாட்டிலில் ஊற்றி, மூடி சரியாகப் போடாமல், சாப்பாட்டு இலையோடு சேர்த்துப் பையில் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். மக்குகிற குப்பை தனி, மக்காத குப்பை தனி என்று பிரிக்காமல் வண்டியில் போடக்கூடாது என்பது கம்பெனி விதி. பிரிப்பதென்றால் கையை விட்டுத்தானே பிரிக்க வேண்டும்? இவள் அவிழ்த்து இரண்டு கையையும் விட்டாள். துணிக்கடைப் பை கட்டின கை. ஆசிட் மணிக்கட்டு வழியாக அந்தப் பைக்குள் இறங்கிவிட்டது. இறங்கினது வெளியே வர வழியில்லை. ரப்பர் பேண்டு இறுக்கிப் பிடித்திருக்கிறது. உதறியிருக்கிறாள், உதற உதற உள்ளே சுற்றிச் சுற்றி... டீக்கடைக்காரர் குடத்தோடு தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாராம். பை தோலோடு ஒட்டிக்கொண்டதாம். அவள் போட்ட சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டது என்றார்கள். எனக்குக் கேட்கவில்லை. நான் உள்ளே பவுடர் தட்டிக்கொண்டிருந்தேன்.

கையுறை அப்போது எங்கே இருந்தது என்றா கேட்கிறீர்கள்? அலமாரியில்தான். வேறு எங்கே இருக்கும்? பத்திரமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? அந்த பிளாஸ்டிக் பை மட்டும் கட்டாமல் இருந்திருந்தால் ஆசிட் வழிந்து ஓடியிருக்கும், இவ்வளவு ஆழம் போயிருக்காது என்றார். என் காதால் கேட்டேன். அப்படியென்றால் யார் பிழை? பையைக் கட்டினது யார்? ரப்பர் பேண்டு போட்டது யார்? நானா போட்டுவிட்டேன்? இதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அவள் தங்கத்துக்கு ஆசைப்பட்டுக் குப்பையைக் கிளறினாள் என்றுகூட டிப்போவில் ஒரு பேச்சு கிளம்பியது. நான் அதை நம்பவில்லை. அப்படி ஒரு பேச்சு இருக்கிறது என்று மட்டும் தனசேகரிடம் சொன்னேன். அவர் அதை மேலே சொல்லிவிட்டார்.

நான் போய்ப் பார்த்தேன், அம்மிணி. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கம்பெனியிலிருந்து வேறு யாரும் போகவில்லை. இரண்டு கையும் கட்டுப் போட்டு, மடியில் இரண்டு வெள்ளைப் பொட்டலம் மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமியார் இட்லியைப் பிட்டு வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். வலக்கை விரல்களில் மூன்று ஒன்றோடொன்று ஒட்டிவிடும், மடங்காது என்று சொல்லிவிட்டார்களாம். துடைப்பத்தை இனிப் பிடிக்க முடியாது. ஜடை பின்னிக்கொள்ளக்கூட யாராவது வேண்டும்.

என்னைப் பார்த்ததும் வாயிலிருந்த இட்லியை விழுங்கினாள். அப்புறம் கேட்டாள்: "ஸ்டோரம்மா, உங்க கொளந்தைக நல்லா இருக்குதுங்களா?"

இவ்வளவு வேதனையிலும் கேட்கிறாளே என்று கட்டிலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன். உள்ளதைச் சொன்னேன். "நன்றாக இருக்கின்றன, மயிலா. பார்வையிட வந்தவர்கள்கூடப் பாராட்டினார்கள்" என்றேன்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். பழத்தை உரித்து நீட்டினேன். மாமியார் வாங்கி அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். இதுதான் எனக்கு ஆறவில்லை, அம்மிணி. விசாரணை கிடக்கட்டும். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? அவள் கேட்டதற்குத்தானே பதில் சொன்னேன்? வீட்டில் தனியாக இருக்கும்போது நானே கேள்வியும் கேட்டு நானே பதிலும் சொல்லிப் பார்க்கிறேன். வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

இப்போது அந்தத் தள்ளுவண்டியை வேறொருத்தி தள்ளுகிறாள். வந்த அன்றைக்கே எண்ணெய் வாங்கிப் போட்டுவிட்டாள். சத்தமே இல்லை. எப்போது வருகிறாள், எப்போது போகிறாள் என்றே தெரிவதில்லை.

அடுத்த நிறுத்தமா? இல்லையா? அதற்கடுத்ததா. சரி.

கம்பெனி கையுறையே கொடுக்கவில்லை என்று அவள் மனு கொடுத்திருக்கிறாள். கொடுக்கவில்லையாம்! தினமும் அவள் கையில் மாட்டின கையுறையோடு போட்டோ இருக்கிறது. தனசேகர் எல்லாப் போட்டோவையும் எடுத்து வைத்திருக்கிறார். கொடுத்த கையுறையை வேண்டுமென்றே போடாமல் வேலை செய்தாள் என்று ஆகிவிட்டால் அவளுக்கு நஷ்டஈடு இல்லையாம், சட்டம் அப்படியாம். அவளுக்குக் கிடைக்கக்கூடாது என்று எனக்கென்ன ஆசை? கிடைக்கட்டும், நன்றாகக் கிடைக்கட்டும். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் வேறு எப்படிப் பிழைப்பாள்? ஆனால் என் ஸ்டோரைக் குறை சொல்லியா வாங்க வேண்டும்? வேறு ஏதாவது சொல்லி வாங்கிக்கொள்ளட்டுமே.

தனசேகர் நேற்றே சொல்லிவிட்டார். "ஸ்டோரம்மா, சாம்பிளுக்கு ஒரே ஒரு ஜோடி எடுத்துட்டு வாங்க. கொடுத்தோம்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் பேச வேண்டாம், எதையும் காட்ட வேண்டாம்." அவருக்கு என்ன தெரியும்? ஒரு ஜோடியைக் காட்டினால், இதை நேற்றுக் கடையில் வாங்கினீர்கள் என்று அவள் வக்கீல் சொல்ல மாட்டாரா? அதனால்தான் அத்தனையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லவில்லை. பார்த்ததும் அசந்துபோவார்.

பாருங்களேன். இப்படி ஒன்றை உங்களுக்குக் காட்டுகிறேன். முகர்ந்து பாருங்கள். புதியது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, அம்மிணி. இதற்கு இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. சொன்னால் யார் நம்புவார்கள்?

எவ்வளவு நீளம் வரும் என்று போட்டுக் காட்டுகிறேன், இருங்கள். நானே இதுவரை போட்டதில்லை. விரல் கொஞ்சம் தாராளமாக இருக்கிறது. பாருங்கள், முழங்கை தாண்டி வருகிறது. இதற்குள் எது நுழையும்? ஒன்றும் நுழையாது. தண்ணீர் நுழையாது, கண்ணாடி நுழையாது, ஆசிட்...

வேர்க்கிறது. நல்ல தடிப்பு, அதுதான். கழற்றிவிடுகிறேன். வரவில்லையே. பவுடர் நனைந்து பசை மாதிரி ஆகிவிட்டது போலிருக்கிறது. கொஞ்சம் அந்த நுனியைப் பிடியுங்கள். இழுங்கள். மெல்ல, மெல்ல, கிழிந்துவிடப் போகிறது. ஐயோ, கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறதே. உள்ளே கொதிக்கிறது, அம்மிணி. வேர்வைதான், எனக்குத் தெரிகிறது, வேர்வைதான். ஆனால் எடுக்க முடியவில்லையே. இழுங்கள். கிழிந்தாலும் பரவாயில்லை, இழுத்துவிடுங்கள்!

வந்துவிட்டது.

ஒரு நிமிடம் இருங்கள். தண்ணீர் இருக்கிறதா? கொடுங்கள். குடிக்க இல்லை, கையில் ஊற்றிக்கொள்ள. இன்னும் கொஞ்சம். போதும்.

ஒன்றும் இல்லை, எழுந்ததிலிருந்து சாப்பிடவில்லை, அதுதான். கிழிந்ததா? கிழியவில்லை. நல்ல பொருள். ஆனால் விரல் நுனியில் சன்னல் கம்பித் துரு ஒட்டிவிட்டது. முதல் கறை. இதை அடியில் வைத்துவிடுகிறேன், அதிகாரி கண்ணில் படவேண்டாம்.

மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. கையுறை கொடுத்தீர்களா என்று கேட்பார். நான் பதில் சொல்லப் போவதில்லை. எல்லாவற்றையும் அவர் மேசைமேல் வரிசையாகப் பரப்பிவிடுவேன். மயிலாத்தாளும் அங்கே இருப்பாள், அவளும் பார்க்கட்டும். எடுத்துப் பாருங்கள் சார், முகர்ந்து பாருங்கள் சார் என்பேன். இந்த ஊர்க் குப்பை ஒரு பொட்டு இதன்மேல் பட்டிருக்கிறதா, ஒரு நாள் பட்டிருக்கிறதா என்று அவரே சொல்லட்டும்.

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்?

கொஞ்சம் வழிவிடுங்கள், அம்மிணி. நிறுத்தம் வந்துவிட்டது.